கையும் கருத்தும்

மருதானை ரயில் நிலையத்தருகே மாலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். டெக்னிக்கல் சந்தியைக் கடந்து வரும் பஸ்களும், பஞ்சிகாவத்தைப் பக்கம் திரும்பும் முச்சக்கர வண்டிகளும், ரயிலைப் பிடிக்க ஓடும் மக்களும் ஒரே வீதியைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அங்கே சாரதிக்கு இரு கண்களும் போதா. அவற்றையும் கைத்தொலைபேசிக்குக் கொடுத்துவிட்டு ஓட்டுகிறவர்கள்தாம் எத்தனை பேர்!

நமது மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டில் இயற்றப்பட்டபோது இப்படியொரு தொல்லை வருமென எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். இன்று தொலைபேசியைக் கையிற் பிடித்தபடி ஓட்டுவது இங்கே குற்றம். பிரித்தானியாவில் 2003 டிசம்பரில் இத்தடை வந்தது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமோ இதனை அபாயகரமாக ஓட்டும் குற்றத்தோடு சேர்த்துச் சிறைக்கும் வழி வைத்திருக்கிறது. நல்லதே. ஆனால் சட்டத்தின் பிடியில் அகப்படுவது கைதான், கருத்து அகப்படுவதில்லை.

கனடாவின் ரொறன்ரோ நகரில், விபத்துக்குள்ளான 699 சாரதிகளின் தொலைபேசிக் கணக்குகளை ஆராய்ந்து 1997இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பேசும் வேளையில் மோதல் நேரும் அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று அது கண்டது. கையிற் பிடியாமற் பேசும் கருவி வைத்திருந்தவர்களுக்கும் அதனால் மேலதிகப் பாதுகாப்புக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

அருகில் அமர்ந்திருப்பவரோடு பேசுவதில்லையா என்று கேட்பார்கள். பேசலாம். அவர் சந்தியைக் கண்டதும் வாயை மூடுவார். பிள்ளையொன்று குறுக்கே ஓடினால் முதலில் கூவுவார். வீட்டிலிருந்து அழைப்பவருக்குச் சந்தியும் தெரியாது, பிள்ளையும் தெரியாது. "எங்கே வருகிறீர்கள்? பாண் வாங்கினீர்களா?" என்று கேட்டுக்கொண்டேயிருப்பார். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று வினாடி திரையை நோக்கினால் வண்டி நாற்பது மீற்றருக்கு மேல் ஓடிவிடும். மஞ்சட் கடவையில் நிற்பவர் பாணைப் பற்றி என்ன அறிவார்? ஆகவே, "வண்டி ஓட்டுகிறீர்களா?" என்பதே வீட்டாரின் முதற் கேள்வியாகட்டும். ஆமென்றால் உடனே வைத்துவிடலாம்.

முச்சக்கர வண்டிக்காரர் நிலைமைதான் சங்கடமானது. இப்போது சவாரியே பலருக்குத் தொலைபேசி வழியாக வருகிறது. திரையைப் பாராதே என்பது பிழைப்பைப் பாராதே என்பது போலாகும். அவரை ஏசிப் பயனில்லை. ஏறியிருப்பவர் நாமானால், "தம்பி, ஓரமாய் நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். மீற்றரில் சில ரூபாய் கூடும், அவ்வளவே.