கொரோனாவுக்கு ஒரே வருஷம்... ஹெச்.ஐ.வி-க்கு 40 வருஷமா ஏன் தடுப்பூசி வரலை? தூத்துக்குடிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உள்ள 'சி' கனெக்‌ஷன்!

கொரோனா வந்து ஒரே வருஷத்துல தடுப்பூசி வந்துடுச்சு. ஆனா, 1983-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஹெச்.ஐ.வி-க்கு? இன்னும் 2 வருஷத்தில் தடுப்பூசி சோதனைக்குத் தயாராகிவிடும் என்று 1984-லேயே நம்பிக்கையா சொன்னார் அமெரிக்க சுகாதாரத்துறைச் செயலாளர் மார்கரெட் ஹெக்லர். 40 வருஷம் தாண்டிருச்சு. இன்னும் ஒண்ணுகூட புழக்கத்துக்கு வரலை.

காரணங்கள் பல. அதில் முக்கியமான ஒன்று, ஹெச்.ஐ.வி-ன்னு ஒரே பேர்ல கூப்பிட்டாலும் அது ஒரு பெரிய குடும்பம் என்பது. அந்தக் குடும்பத்தில் நம்ம ஊருக்கு வந்தது யார் என்பதில்தான் விஷயமே இருக்கு.

ரயில் ஏறிய வைரஸ்

துறைமுகத்து ஊர்க்காரர்களுக்கு இது சட்டுனு புரியும். கொற்கை முத்து கடல் தாண்டி ரோம் வரைக்கும் போனது வணிகப் பாதையில்தான். மனுஷங்க போற பாதையில் கிருமியும் போகும். உலகம் முழுக்கப் பரவிய ஹெச்.ஐ.வி, 1920-களில் காங்கோவின் கின்ஷாசா நகரத்தில் பரவத் தொடங்கி, அங்கிருந்து ரயில் பாதை வழியே மற்ற ஊர்களுக்குப் போனதாக 2014-ல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது.

இந்த வைரஸ் தன்னைத் தானே நகலெடுக்கும்போது நிறைய எழுத்துப்பிழை விடும். ஒவ்வொரு பிழையும் ஒரு புது வடிவம். ஒரே ஆளுக்கு இரண்டு வகைகள் தொற்றினால், இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று உருவாகும். அதிக காலம் பரவிய இடத்தில் வகைகளும் அதிகம். அதனால்தான் ஏ, பி, சி, டி என்று எழுத்து வரிசையில் போகும் சப்டைப்கள் அத்தனையும் ஆப்பிரிக்காவில் குவிந்திருக்கின்றன. கிழக்கே ஏ, டி. மேற்கே ஏ-யும் ஜி-யும் கலந்த வகை. தெற்கே சி.

எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? ஒரு சப்டைப்புக்கும் இன்னொன்றுக்கும் இடையே, வைரஸின் மேலுறைப் புரதம் 35% வரை மாறலாம். ஒரே நபரின் உடம்பில் இருக்கும் ஹெச்.ஐ.வி-யின் வேறுபாடு, ஒரு வருஷத்தில் உலகம் முழுக்கப் பரவும் ஃப்ளூ வைரஸின் வேறுபாட்டுக்கு இணையாக இருக்கலாம். ஃப்ளூவுக்கே வருஷா வருஷம் தடுப்பூசியை மாத்துறோம். இதுக்கு என்ன பண்றது?

நம்ம வைரஸ் எது?

இந்தியாவில் முதன்முதலில் ஹெச்.ஐ.வி கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் இன்று இருப்பதில் பெரும்பகுதி சப்டைப் சி. தென் ஆப்பிரிக்கப் பகுதியில் பரவியிருக்கும் அதே வகை. உலகத்தில் ஹெச்.ஐ.வி-யுடன் வாழ்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேரிடம் இருப்பதும் இதுதான். அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் அதிகம் இருப்பது சப்டைப் பி.

ஆரம்பகாலத் தடுப்பூசிகள் பெரும்பாலும் எதை வைத்து உருவாயின? பி-யை வைத்து! ஆராய்ச்சிக் கூடமும் பணமும் இருந்த இடத்தில் அந்த வைரஸ்தான் இருந்தது.

நம்ம பக்கமும் சும்மா இருக்கலை. 2006-ல் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தில், சப்டைப் சி மரபணுக்களை வைத்து உருவாக்கிய 'டி.பி.சி-எம்4' தடுப்பூசி 32 தன்னார்வலர்களிடம் சோதிக்கப்பட்டது. பாதுகாப்பானது என்று தெரிந்தது, எதிர்ப்பு சக்தியும் தூண்டப்பட்டது. ஆனால், நோயைத் தடுக்குமா என்று பார்க்கும் பெரிய சோதனை வரை அது போகவில்லை.

சரி, சி-க்கு சி போட்டா போதுமா?

போதாது என்று காட்டியது தென் ஆப்பிரிக்கா. 2009-ல் தாய்லாந்தில் ஒரு தடுப்பூசி முறை 31% பாதுகாப்பு தந்தது. அதை சப்டைப் சி-க்கு ஏற்ப மாற்றி, 'உஹாம்போ' என்ற பெயரில் 5,407 பேரிடம் சோதித்தார்கள். 2020 பிப்ரவரியில் கணக்கு பார்த்தால், தடுப்பூசி போட்டவர்களில் 129 பேருக்குத் தொற்று, போடாதவர்களில் 123 பேருக்கு! சோதனை நிறுத்தப்பட்டது. பல சப்டைப்களின் துண்டுகளை ஒட்டிச் செய்த 'மொசைக்' தடுப்பூசியை, 5 ஆப்பிரிக்க நாடுகளில் சுமார் 2,600 இளம்பெண்களிடம் சோதித்தார்கள். 2021-ல் அதுவும் கைவிட்டது.

இப்போதைய வழி வேறு. வைரஸ் எவ்வளவு வேஷம் மாத்தினாலும், சில இடங்களை அதனால் எளிதில் மாத்த முடியாது. அந்த இடத்தைக் குறிவைக்கும் ஆன்டிபாடிகளை உருவாக்க உடம்புக்குப் படிப்படியாகப் பயிற்சி கொடுப்பது. ருவாண்டா, தென் ஆப்பிரிக்காவில் நடந்த சிறிய சோதனையில், இந்த முதல் படி பெரும்பாலானவர்களிடம் வேலை செய்ததாக 2025-ல் முடிவு வந்தது. முதல் படிதான். ஆனாலும் பெரிய விஷயம்.

அதே 2025-ல்தான் அமெரிக்கா நிதியை வெட்டியது. ஆப்பிரிக்க விஞ்ஞானிகள் தலைமையிலான ஒரு தடுப்பூசி சோதனை, முதல் ஊசி போடப்போகும் நேரத்தில் நின்றது. அது ஏதோ தூரத்து செய்தி இல்லை. அங்கே அப்போது நின்றது நம்ம 'சி'-க்கான வேலையும்தான்.

அதுவரைக்கும்?

இங்கேதான் ஒரு நல்ல செய்தி. தடுப்பூசியைத் திணறடிக்கும் இந்த வேறுபாடு, மாத்திரைகளை அந்த அளவுக்குத் திணறடிக்கவில்லை. ஏ.ஆர்.டி கூட்டு மருந்துகள் சப்டைப் சி-க்கும் நன்றாகவே வேலை செய்கின்றன. இந்தியாவில் 2004 ஏப்ரலில் இலவச ஏ.ஆர்.டி தொடங்கியபோது, முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. மாத்திரையை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது.

லெனகாபவிர் ஊசியும் இருக்கு. தடுப்பூசி இல்லை, வருஷத்துக்கு 2 முறை போடும் தடுப்பு மருந்து. தென் ஆப்பிரிக்கா, உகாண்டாவில் இதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூட தொற்று வரவில்லை என்று 2024-ல் தெரிந்தது. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டெரோ நிறுவனங்கள் இதை 2027 முதல் வருஷத்துக்கு சுமார் 40 டாலருக்குத் தரப்போவதாக அறிவிப்பு வந்திருக்கு.

இந்தியாவில் 25 லட்சம் பேருக்கு மேல் ஹெச்.ஐ.வி-யுடன் வாழ்கிறார்கள். தன் நிலை தெரியாதவர்களும் அதில் உண்டு. அரசு மருத்துவமனைகளில் இருக்கும் 'நம்பிக்கை மைய'த்தில் பரிசோதனை இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு சட்டம். சந்தேகம் கேட்க 1097-க்கு போன் போடலாம்.

தடுப்பூசி வரும்போது வரட்டும். டெஸ்ட்டுக்குப் போக அது வரை காத்திருக்க வேண்டியதில்லை.