சலனப்படங்களைச் சுருக்கி வெளியிடுதல்

விவசாய இலாகாவின் செய்முறை விளக்கங்கள் முன்பு வயல் வரப்பிலேயே நடைபெற்றன. இப்பொழுது அவற்றில் பல, வீடியோ என்று வழங்கும் சலனப்படங்களாக எடுக்கப்பட்டு, இணையத்தின் வழியே குடியானவர்களின் கைப்பேசிக்குச் செல்கின்றன. படம் எடுப்பதிலும், வேண்டாத பகுதிகளை வெட்டி ஒழுங்கு செய்வதிலும் நம்மவர்கள் மிகுந்த சிரத்தை காட்டுகிறார்கள். தொகுத்த படத்தை இணையத்தில் ஓடுவதற்கேற்ற வடிவத்துக்கு மாற்றும் கடைசி வேலையை மட்டும் அலட்சியம் செய்கிறார்கள். இதனால் முன் செய்த உழைப்பனைத்தும் வீணாகிறது என்பது என் அபிப்பிராயம்.

மணிமுத்தாற்றிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய ஊர்கள் வரும். அங்கே கைப்பேசி அலை மெலிந்தும் விட்டுவிட்டுமே கிடைக்கிறது. 2024-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் தேயிலைத் தோட்ட வேலை நின்றுபோக, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தே பழகிய குடும்பங்கள் பல கீழே இறங்கின. அவர்களில் ஒருவர் ஆடு வளர்க்கவோ காய்கறி பயிரிடவோ முற்பட்டால், வழிவழியாகக் கேட்டறிந்த அநுபவம் அவருக்குத் துணையில்லை. இலாகாவின் படத்தையே அவர் நம்ப வேண்டும். அது ஓடாமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் என்ன பிரயோஜனம்?

கணக்கைப் பார்ப்போம். தொகுத்து முடித்த படம் வினாடிக்கு 20 மெகாபிட் அளவில் இருக்குமாயின், பத்து நிமிஷப் படம் 1,500 மெகாபைட் ஆகும். தினம் ஒன்றரை ஜிகாபைட் என்று பணம் கட்டியிருப்பவருக்கு அன்றைய அளவு முழுவதும் ஒரே படத்தில் தீர்ந்துபோகும். அதே படத்தை 480 வரி உயரமாக்கி, காட்சிக்கு வினாடிக்கு 500 கிலோபிட்டும் பேச்சுக்கு 64 கிலோபிட்டும் ஒதுக்கினால், மொத்தம் ஏறக்குறைய 42 மெகாபைட்தான். தேயிலைத் தொழிற்சாலையில் சுமார் நாலரை கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்குவதை மாஞ்சோலைவாசிகள் அறிவார்கள். அங்கே போவது நீர். இங்கே போவதும் பெரும்பாலும் சிறிய திரையில் கண்ணுக்குப் புலப்படாத நுணுக்கமே.

காட்சிக்கு எச்.264, ஒலிக்கு ஏ.ஏ.சி., உறைக்கு எம்.பி.4 என்பதே இன்றும் எல்லாவற்றிலும் பத்திரமான சேர்க்கை. எச்.265 இன்னும் சிறிதாக்கும் என்பது மெய்யே. ஆயினும் பழைய கைப்பேசிகள் பலவற்றில் அது ஓடாது. நம் குடியானவர்கள் வைத்திருப்பவை பெரும்பாலும் பழையவையே.

பலரும் அறியாத சங்கதி ஒன்று உண்டு. எம்.பி.4 கோப்பினுள் எந்தக் காட்சி எவ்விடத்தில் இருக்கிறது என்று கூறும் அட்டவணை ஒன்று இருக்கிறது. எழுதி முடித்த பிறகே அது தயாராவதால், சாதாரணமாகக் கோப்பின் கடைசியில் போய் உட்காரும். அட்டவணை கிடைக்காமல் படம் தொடங்காது. சில சமயங்களில் கோப்பு முழுவதும் இறங்கும் வரை காத்திருக்க நேரிடும். இதனை முன்னுக்குக் கொண்டுவர எஃப்.எஃப்.எம்பெக் என்னும் கருவியில் ‘பாஸ்ட்ஸ்டார்ட்’ என்ற கட்டளையும், ஹாண்ட்பிரேக்கில் ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்ற கட்டமும் உள்ளன. இரண்டும் இலவசம். படத்தின் தரம் இதனால் இம்மியும் குறையாது.

யூடியூபே படத்தைப் பல அளவுகளில் மாற்றித் தருகிறதே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். தருகிறது; மறுக்கவில்லை. ஆனால் இலாகாவின் சொந்தப் பக்கத்தில் கோப்பை நேரே ஏற்றினால் அந்த உபகாரம் தானாக நடவாது. மேலும், அலை மெலிந்த இடத்தில் யூடியூப் 144 வரிக்கு இறங்கும்போது, திரையடியில் பொடி எழுத்தில் போட்ட அளவுகளை யார் வாசிக்க முடியும்? ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்பதை 70 கிராம் என்று படித்தால் பணந்தான் நஷ்டம். பூச்சி மருந்தின் அளவைத் தவறாகப் படித்தால் பயிரும் போகும், ஆளுக்கும் ஆபத்து. ஆகவே அளவுகளைப் பெரிய எழுத்தில் போடுவதோடு, வாயாலும் இருமுறை சொல்ல வேண்டும். காட்சியை எவ்வளவு குறைத்தாலும் பேச்சைத் தெளிவாக வைக்க வேண்டும்.

ஒவ்வொரு படத்துக்கும் 480 வரியில் ஒன்று, 240 வரியில் ஒன்று, பேச்சு மட்டும் கொண்டது ஒன்று என மூன்று வடிவங்கள் வெளியிட இலாகா உத்தரவிட வேண்டுமென்று கோருகிறேன். பேச்சு மட்டும் என்றால் பத்து நிமிஷத்துக்கு 5 மெகாபைட்டுக்குள் அடங்கும். தொகுத்த மூலப்பிரதியை அழிக்காமல் தனியே பாதுகாக்க வேண்டும். சுருக்கியதிலிருந்து பழைய தெளிவைத் திரும்பப் பெற இயலாது. வெளியிடுமுன் காரியாலயத்தின் வேகமான இணைப்பில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடையாமல், விலை குறைந்த கைப்பேசி ஒன்றை மாஞ்சோலைக்கோ அதுபோல் அலை மெலிந்த வேறு ஊருக்கோ கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கட்டும்.