மெருகு என்பது பூச்சு அன்று

மிதிவண்டியின் அலுமினியப் பாகங்களில் உள்ள 'அனோடைஸ்' படலத்தை வீட்டிலேயே உரித்தெடுத்து, உலோகத்தை வெள்ளிபோல் மெருகேற்றிக்கொள்ளும் வழக்கம் ஆர்வலர்களிடையே பரவலாக உண்டு. சாயம் வெளுத்த கிராங்க், கீறல் விழுந்த பிரேக் பிடி, மங்கிப்போன ஹப் ஆகியவற்றைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் சில நிமிடம் அமிழ்த்தித் தேய்த்தால் புதுப்பொலிவு வந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. தன் வண்டியைத் தன் கையாலேயே துலக்கிக்கொள்ளும் ஆசையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இவ்வழக்கம் ஒரு பிழையான புரிதலின்மேல் நிற்கிறது என்றும், அதற்கான விலையைக் கண்ணோ கையோ கொடுக்க நேரலாம் என்றும் கருதுகிறோம்.

அனோடைஸ் படலத்தைப் பெயின்ட்டைப் போன்ற ஒரு மேற்பூச்சாக எண்ணுவதே அப்பிழை. பெயின்ட் வெளியிலிருந்து வந்து உலோகத்தின்மேல் அமர்வது. அனோடைஸ் படலமோ உலோகத்திலிருந்தே விளைவது. அலுமினியத்தை அமிலக் கரைசலில் நேர்மின்முனையாக வைத்து மின்சாரம் செலுத்தும்போது, அதன் புறப்பரப்பே ஆக்சைடாக மாறுகிறது. அப்படலத்தின் ஒரு பகுதி உலோகத்தின் உள்நோக்கியும் மற்றொரு பகுதி வெளிநோக்கியும் வளர்கிறது. அதிலுள்ள நுண்துளைகளில் சாயத்தை ஏற்றிக் கொதிநீரில் இட்டு மூடினால் நிறம் உள்ளே சிறைப்படும். அலங்காரப் பாகங்களில் இதன் தடிமன் பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரான். 1923இல் பிரிட்டனில் பெங்கோ, ஸ்டூவர்ட் என்னும் இருவர் இம்முறையை வகுத்தபோது அவர்கள் அழகை நாடவில்லை. கடல் விமானங்களின் துராலுமின் பாகங்களை உப்புநீர் அரிக்காமல் காப்பதே நோக்கமாக இருந்தது. அழகு பின்னால் வந்து சேர்ந்தது. 1990களில் மலைமிதிவண்டிப் பாகங்கள் ஊதாவும் சிவப்பும் நீலமுமாக மின்னியதற்கு இந்தச் சாயமேற்றலே காரணம். அச்சாயங்கள் பல வெயிலில் வெளுத்துப்போனதும் இன்றைய உரிப்பு ஆசைக்கு ஒரு காரணம்.

இவ்விடத்தில் தமிழ் படித்தவர்கள் அறிந்து மகிழ வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அலுமினிய ஆக்சைடு இயற்கையில் படிகமாகக் கிடைக்கும்போது அதற்கு ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று பெயர். அச்சொல் நம் 'குருந்தம்' என்பதிலிருந்து சென்றது என ஆங்கில அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன. மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகளே. மிதிவண்டியின் கிராங்கைப் போர்த்தியிருப்பதும் அதே சேர்மம்தான். அணுக்களின் அமைவு வேறு, கடினம் குறைவு, அவ்வளவே. அலுமினியம் என்னும் மென்மையான உலோகம் தன்மீது ஒரு மணிக்கல்லின் உறவினனைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதைத்தான் நாம் அழுக்கென்று எண்ணி உரிக்கத் துணிகிறோம்.

இனி உரிக்கும் முறையைப் பார்ப்போம். காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, சாக்கடை அடைப்பு நீக்கும் பொருளாக எளிதில் கிடைக்கிறது. அது ஆக்சைடைக் கரைக்கும்; ஆனால் ஆக்சைடு தீர்ந்ததும் நின்றுவிடாது, அடியில் உள்ள உலோகத்தையும் தின்னத் தொடங்கும். படலம் மெலிந்த இடம் முதலில் திறந்துகொள்வதால், மற்ற இடங்கள் உரிவதற்குள் அவ்விடம் குழிந்துபோகும். வினையில் ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அது தீப்பற்றக்கூடியது. கரைசல் தானே சூடேறும். பொங்கும் குமிழிகள் காரத் திவலைகளைக் காற்றில் தெறிக்கும். கண்ணில் பட்ட காரம் பல அமிலங்களைவிடக் கொடியது, ஏனெனில் அது திசுவைக் கரைத்து உள்ளே ஊடுருவும். கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் இடைவிடாது கழுவ வேண்டும். கால்மணி நேரத்துக்குக் குறையலாகாது. பிறகு தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். சமையலறையில் ஒரு பழைய பாத்திரத்தில் செய்துபார்க்கும் வேலை இதுவன்று. நம் வீடுகளிலுள்ள கருஞ்சாம்பல் நிறக் கடாய்களை, அவையும் அனோடைஸ் ஆனவையே, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் இடலாகாது என்று எச்சரிப்பதன் காரணமும் காரமே. அந்த மென்காரத்துக்கே அஞ்சும் படலத்தின்மேல் வன்காரத்தை ஊற்றுகிறோம் என்பதை நினைவிற்கொள்வது நல்லது.

கரைசலிலிருந்து எடுத்த பாகம் வெள்ளியாக மின்னும் என்று எதிர்பார்ப்போருக்கு ஏமாற்றமே மிஞ்சும். உலோகக் கலவையிலுள்ள செம்பு முதலியவை காரத்தில் கரையாமல் கரும்படிவாக மேலே தங்கும். அதைத் துடைத்தெறிந்த பின்னரே உண்மையான வேலை தொடங்குகிறது. வாட்டர் பேப்பரை 400இல் தொடங்கி 600, 1000, 2000 என்று படிப்படியாக நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் முந்தைய திசைக்குக் குறுக்காகத் தேய்த்தால்தான் முந்தைய தாளின் கீறல் மறைந்ததா என்பது தெரியும். கடைசியில் மெருகுப்பசை. ஒரு கிராங்குக்கு ஒரு முழு மாலையே போதாது.

'ஒப்பம்' என்ற சொல்லுக்கு நம் அகராதிகள் தரும் பொருள்களில் சமம், மெருகு, கையெழுத்து மூன்றும் உண்டு. மெருகின் இயற்பியலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மெருகு என்பது புதிதாக ஒன்றைச் சேர்ப்பதன்று, மேடுபள்ளங்களைச் சமமாக்குவது. பரப்பு சமமானால் ஒளி சிதறாமல் திரும்புகிறது. தேய்த்தவரின் பொறுமையும் அவசரமும் அப்பரப்பில் கையெழுத்தாகப் பதிகின்றன. காரம் இந்த உழைப்பில் ஒரு சிறு பங்கை மட்டுமே மிச்சப்படுத்துகிறது. பல பாகங்களில் மெல்லிய படலத்தை வாட்டர் பேப்பரே நீக்கிவிடும்.

ஆனால் நம் முதன்மையான மறுப்பு வேறு. 1970களிலும் 1980களிலும் வந்த இத்தாலிய, ஜப்பானியப் பந்தய மிதிவண்டிப் பாகங்களின் வெள்ளிப் பளபளப்பே பெரும்பாலோருக்கு முன்மாதிரி. அவற்றுள் பல, முதலில் மெருகேற்றப்பட்டுப் பின்னர் நிறமற்ற அனோடைஸ் படலம் போர்த்தப்பட்டவை. நாம் வியக்கும் ஒளி அந்தத் தோலின் அடியில் இருக்கிறது; தோல் காத்ததால்தான் இத்தனை ஆண்டுகள் நின்றது. வெற்று அலுமினியமும் காற்றுப் பட்டவுடன் தனக்கொரு ஆக்சைடுத் திரையை நெய்துகொள்ளும். ஆனால் அது சில நானோமீட்டர் அளவே. வியர்வையின் உப்பும் கடற்காற்றும் அதை எளிதில் வெல்லும். சில மாதங்களில் பரப்பு மங்கும். கடலோர ஊர்களில் வெண்புள்ளிகளும் தோன்றும். மெழுகு பூசி மீண்டும் மீண்டும் துடைப்பவரிடம்தான் அந்த ஒளி தங்கும்.

உரித்தால் பாகம் வலுவிழக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவும் நாம் விரும்பவில்லை. 'தி பைசைக்கிள் வீல்' என்ற நூலை 1981இல் எழுதிய அமெரிக்கப் பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட், தடித்த கடின அனோடைஸ் படலமே ரிம்களில் விரிசலுக்கு வித்திடுகிறது என்று தொடர்ந்து வாதிட்டவர். கடினமான ஓடு வளையாது, வெடிக்கும் என்பது அவ்வாதத்தின் சாரம். அதில் உண்மை உண்டு. ஆனால் அரைகுறையாகத் தேய்த்து விட்ட ஆழமான கீறலும் காரம் அரித்த குழியும் விரிசலுக்கு அதே வாசலைத் திறக்கும். எஃகைப் போலக் குறிப்பிட்ட பளுவுக்குக் கீழே எத்தனை முறை வளைந்தாலும் தாங்கும் தெளிவான எல்லை அலுமினியத்துக்கு இல்லை. உடல் எடையைத் தாங்கும் கிராங்க், ஹேண்டில்பார், அதைப் பிடிக்கும் ஸ்டெம் ஆகிய மூன்றையும் காரத்தில் இடவே கூடாது என்பது நம் முடிவு. பால்ரஸ் அமரும் குழிகளும் மரைகளும் அவ்வாறே. சில மைக்ரான் கரைந்தாலும் பிடிமானம் தளரும்.

பளு தாங்காத மூடிகள், அலங்கார வளையங்கள் போன்றவற்றில் ஆசை தீரத் துலக்கிக்கொள்ளலாம். அங்கும் வாட்டர் பேப்பரே முதல் வழியாக இருக்கட்டும். காரம் தவிர்க்க இயலாதென்றால் திறந்தவெளி, பிளாஸ்டிக் தொட்டி, கண்ணை முழுதும் மூடும் கண்ணாடி, நீண்ட ரப்பர் கையுறை ஆகியவை வேண்டும். குழந்தைகள் அருகில் இருத்தல் ஆகாது. நீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாக இட வேண்டும், சோடாவின்மேல் நீரை ஊற்றக் கூடாது. மெருகேற்றிய பின் அனோடைஸ் செய்யும் பட்டறையில் கொடுத்து நிறமற்ற படலத்தை மீண்டும் வளர்த்துக்கொள்வதே முறையான நிறைவு. அதற்கு மனமில்லாதவர் மங்கிய ஊதாவோடு வண்டியை ஓட்டலாம். வெயிலில் வெளுத்த சாயத்தின் கீழும் அப்படலம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.