விட்டுக்கொடுக்காமல் விளையாடுங்கள்

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் திருமணமாகி 23 ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து எதையும் விளையாடி நான் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு டிசம்பர் விடுமுறையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். தோழியின் பிறந்தநாளுக்காக நான் வாங்கி வைத்திருந்த ஓர் அட்டை விளையாட்டுப் பெட்டியை, மழை பெய்த ஒரு சனிக்கிழமை மாலையில் அப்பா பிரித்துவிட்டார். தோழிக்கு வேறு பரிசு வாங்க வேண்டியதாயிற்று.

அந்த விளையாட்டின் பெயர் ‘லாஸ்ட் சிட்டிஸ்’. தொலைந்துபோன நகரங்கள் என்று பொருள். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஜெர்மானியர் ரெய்னர் நிஸியா உருவாக்கி, 1999ல் வெளிவந்தது. இருவர் மட்டுமே ஆட முடியும். ஒரு சுற்று முடிய அரை மணி நேரம்கூட ஆகாது.

விதிகள் எளியவை. ஐந்து நிறங்கள், ஒவ்வொரு நிறமும் ஒரு பயணம். நிறத்துக்கு 2 முதல் 10 வரை எண் அட்டைகளும் மூன்று பந்தய அட்டைகளும் உண்டு. மொத்தம் 60 அட்டைகள். கையில் எப்போதும் எட்டு. நம் முறை வரும்போது ஓர் அட்டையை நம் பயணத்தில் வைக்கலாம், அல்லது நடுவில் கழித்துப் போடலாம். பிறகு ஓர் அட்டை எடுக்க வேண்டும். எண்கள் ஏறுவரிசையில்தான் போக வேண்டும். 7 வைத்துவிட்டால் பிறகு 5 வைக்க முடியாது.

சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒரு பயணத்தைத் தொடங்கினாலே 20 புள்ளி கடன். அதில் வைக்கும் எண்களின் கூட்டுத்தொகை 20ஐத் தாண்டினால்தான் லாபம். பந்தய அட்டை வைத்திருந்தால் லாபமும் இரட்டிப்பாகும், நட்டமும் இரட்டிப்பாகும். அடுத்து, நாம் கழித்துப் போடும் அட்டையை எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் “எனக்கு இது வேண்டுமா?” என்று மட்டும் யோசித்தால் போதாது, “அவருக்கு இது வேண்டுமா?” என்றும் யோசிக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரங்களில் பெரும்பாலும் அப்பாதான் வென்றார். ஒருநாள் நான் அம்மாவின் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். அப்பா சிவப்பில் 4, 5, 7 வைத்திருந்தார். அம்மாவின் கையில் சிவப்பு 8 இருந்தது. கூடவே ஒரு பச்சை 3ம் இருந்தது. பச்சையில் இருவருமே 6ஐத் தாண்டிவிட்டதால் அந்த 3 யாருக்கும் பயன்படாது. அதைக் கழித்திருக்கலாம். அம்மா சிவப்பு 8ஐப் போட்டார். அப்பா சிரித்துக்கொண்டே அதை எடுத்துக்கொண்டார்.

சமையலறையில் அம்மாவிடம் கேட்டேன். “பாவம்மா, நாள் முழுக்க வேலை செஞ்சிட்டு வர்றாரு. இதுலயாவது ஜெயிச்சிட்டுப் போகட்டும்” என்றார்.

அப்பாவும் சில நாள்களில் கண்டுபிடித்துவிட்டார். “நீ வேணும்னே தோக்குறியா?” என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. அப்பாவின் முகம் மாறியது. “அப்ப இதுவரைக்கும் நான் யாரோட விளையாடுனேன்?” என்றார்.

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

நம் திருமணங்களில் மணமக்களுக்குப் பெரியவர்கள் சொல்லும் முதல் அறிவுரை, “விட்டுக்கொடுத்துப் போங்க” என்பது. இருவருக்கும் பொதுவாகச் சொன்னாலும், சொல்லும்போது கண்கள் மணமகளின் பக்கம் திரும்புவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். விட்டுக்கொடுத்தல் நல்ல குணம்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் இருவரும் அறிந்து விட்டுக்கொடுப்பது வேறு, ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் விட்டுக்கொடுப்பது வேறு. முன்னதில் பெறுபவருக்கு நன்றி சொல்ல வாய்ப்பு இருக்கிறது. “வேண்டாம், இந்த முறை உன் விருப்பம்” என்று மறுக்கவும் வாய்ப்பு இருக்கிறது. பின்னதில், தான் பெற்றுக்கொண்டோம் என்பதே அவருக்குத் தெரியாது. 

அதனால்தான் வாழ்க்கைத் துணையுடன் முழு மூச்சாகப் போட்டியிட்டு விளையாடுவது நல்லது என்கிறேன். “உங்களால் என்னைச் சமாளிக்க முடியும், தோற்றாலும் தாங்கிக்கொள்ள முடியும்” என்று மற்றவரை நம்புவதும் ஒரு மரியாதை. 

அதன் பிறகு அம்மா உண்மையாகவே ஆடத் தொடங்கினார். முதல் நாளே அப்பாவின் நிலை பரிதாபம். மஞ்சளில் ஒரு பந்தய அட்டையை வைத்துவிட்டு 2, 4, 5 என்று அடுக்கினார். அவருக்குத் தேவையான பெரிய எண்களை அம்மா கடைசிவரை கையிலிருந்து விடவில்லை. கூட்டுத்தொகை 11. கடன் 20 போக மைனஸ் 9. பந்தயத்தால் இரட்டிப்பாகி மைனஸ் 18. அப்பா இரண்டு நாள் பெட்டியின் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் இரவு உணவுக்குப் பின் அவரே எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

சில வாரங்கள் கழித்து, அட்டையைக் கலைத்துக்கொண்டே அப்பா கேட்டார்: “விளையாட்டுல மட்டும்தானா, வேற எதுலயும் இப்படித்தான் இருந்தியா?” அம்மா சற்று நேரம் பேசவில்லை. அவர் முன்பு பாலர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நான் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தபோது வேலையை விட்டார். அவரே விரும்பித்தான் விட்டார் என்று அப்பா நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். “நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா, விட வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்” என்றார் அம்மா. 

அன்று ஆட்டம் நடக்கவில்லை. 13 ஆண்டுகளை ஓர் அட்டைக்கட்டு திருப்பித் தந்துவிடாது. மீண்டும் வேலைக்குப் போவதா, என்ன பயிற்சி தேவைப்படும் என்று இப்போது இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லை. ஆனால் பேச்சு தொடங்கியிருக்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு என்பதை அறிவேன். ‘சீட்டு’ என்றாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். என் பாட்டி இன்றும் அப்படித்தான். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. சூதாட்டத்தில் குடும்பங்கள் சிதைந்ததை அந்தத் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. சூதாட்டக்கூடத்துக்குள் நுழைய சிங்கப்பூரர்கள் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும் என்ற விதியும், குடும்பத்தினர் விண்ணப்பித்து ஒருவரைத் தடுத்து வைக்கும் விலக்கு உத்தரவும் சும்மா வரவில்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் காசு இல்லை. இதிலுள்ள ‘பந்தயம்’ புள்ளிகளோடு முடிந்துவிடுகிறது. அட்டையையும் சூதையும் ஒன்றாகப் பார்த்தால், நல்லதொரு பொழுதுபோக்கை நாமே இழக்கிறோம்.

போட்டி சண்டையில் முடியாதா என்று சிலர் கேட்கலாம். முடியலாம். அப்படிப்பட்டவர்களுக்கு இருவரும் ஒரே பக்கம் நின்று ஆடும் விளையாட்டுகளும் இருக்கின்றன. ‘பேண்டமிக்’ அவற்றுள் ஒன்று. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். துணை கோபப்படுவாரே என்ற பயத்தில் ஒருவர் தோற்றுக்கொடுக்கிறார் என்றால், அது அன்பால் வந்த விட்டுக்கொடுத்தல் அல்ல. அந்தப் பிரச்சினையை எந்த விளையாட்டும் தீர்க்காது. நம்பகமான ஒருவரிடம் பேசி உதவி நாடுவதுதான் வழி.

“திருமணமே ஆகவில்லை, எங்களுக்கு எதற்கு இது?” என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் ஆகவில்லை. ஆனால் இந்தப் பழக்கம் திருமணத்தன்று தொடங்குவதில்லை. “எங்கே சாப்பிடலாம்?” என்று கேட்டால் “உன் இஷ்டம்” என்கிறோம். குழுத் திட்டப்பணியில் நமக்குப் பிடிக்காத தலைப்பைத் தேர்ந்தெடுத்தாலும் “ஓகே” என்று தட்டச்சு செய்துவிட்டு, தனியாக வேறொருவரிடம் புலம்புகிறோம். இதுவும் சிவப்பு 8ஐக் கழித்துப் போடுவது போன்றதுதான். எதிரில் இருப்பவர் நன்றாக நடப்பதாக நம்பிக்கொண்டிருப்பார். நாமோ உள்ளுக்குள் கணக்கு வைத்துக்கொண்டிருப்போம்.

இணைய விளையாட்டுகளில் முகம் தெரியாதவர்களை வெல்ல இரவெல்லாம் விழித்திருக்கிறோம். தோற்றால் திட்டுகிறோம், வெளியேறிவிடுகிறோம். நேசிக்கும் ஒருவரை எதிரே உட்காரவைத்து, அவரை வெல்ல முழு முயற்சி செய்து, ஆட்டம் முடிந்ததும் அவருக்கே தேநீர் கலந்து கொடுப்பது வேறு வகைப் பயிற்சி. கருத்து வேறுபட்டாலும் உறவு முறியாது என்பதை அரை மணி நேரத்தில் சிறிய அளவில் பழகிப் பார்க்கலாம்.

அடுத்த விடுமுறையில் பெற்றோரின் முன்னால் ஒரு பெட்டியை வைத்துப் பாருங்கள். இந்த விளையாட்டுதான் வேண்டும் என்பதில்லை. இருவர் ஆடக்கூடிய எதுவும் போதும். விதிகளை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. இன்றைய நிலவரம்: அம்மா 19, அப்பா 16. இந்தக் கணக்கு இருவருக்கும் தெரிந்த கணக்கு.