பிராசசர் பெயரை மாற்றினால் கம்ப்யூட்டர் பறக்குமா?

லினக்ஸ் பழக ஆரம்பிக்கும் ஒவ்வொருவர் காதிலும் என்றாவது ஒரு நாள் யாராவது ஓர் அண்ணன் இந்த மந்திரத்தை ஓதிவிடுகிறார்: "டிஸ்ட்ரோக்காரன் தர்ற கெர்னல் ஊருக்கே சேர்த்துத் தைச்ச சட்டை தம்பி. உன் பிராசசருக்கு ஏத்த மாதிரி நீயே கம்பைல் பண்ணிக்கோ, மெஷின் பறக்கும்!"

தம்பியும் மூலநிரலை இறக்கி, மெனுகான்ஃபிக்கைத் திறந்து, 'பிராசசர் டைப் அண்ட் ஃபீச்சர்ஸ்' என்ற பகுதிக்குள் போய், தன் பிராசசருக்குப் பொருத்தமானதைத் தேடித் தேர்ந்தெடுத்து, ராத்திரி முழுக்க மின்விசிறி அலற அலறக் கம்பைல் செய்கிறான். மறுநாள் கேட்டால் "சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேகம்தான்" என்கிறான். எதை வைத்து அளந்தாய் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ராத்திரி முழுக்க விழித்தவனிடம் அப்படிக் கேட்பது மரியாதையும் இல்லை!

கேட்டே ஆக வேண்டும். வேகத்துக்காக பிராசசர் விருப்பங்களை மாற்றி கெர்னல் கம்பைல் செய்வது இன்றைய தேதியில் ஒரு மூடநம்பிக்கை. பலன் இல்லாத மூடநம்பிக்கை என்றால்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். இது பாதுகாப்பைக் காவு வாங்கும் மூடநம்பிக்கை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எந்தக் கட்டளைக்கும் முன்னால் 'டைம்' என்று போட்டு ஓட்டினால் மூன்று எண்கள் வரும்: ரியல், யூசர், சிஸ். 'யூசர்' என்பது உங்கள் நிரல் எடுத்துக்கொண்ட நேரம். 'சிஸ்' என்பது அந்த நிரலுக்காகக் கெர்னல் உழைத்த நேரம். ஒரு வீடியோவை மாற்றுவது, ஒரு பெரிய நிரலைக் கம்பைல் செய்வது, ஒரு படத்தைத் திருத்துவது போன்ற வேலைகளில் சிங்கப் பங்கு யூசருக்குத்தான். ஒரு வேலை 100 விநாடி ஓடுகிறது, அதில் கெர்னலின் பங்கு 5 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைவண்ணத்தில் கெர்னல் 10 சதவீதம் வேகமாகிவிட்டது என்று தாராளமாகவே ஒப்புக்கொள்வோம். மிச்சம் எவ்வளவு? அரை விநாடி.

கம்பைல் செய்ய ஒரு மணி நேரம் ஆனது என்றால் அது 3600 விநாடி. அதை அரை அரை விநாடியாகத் திரும்பச் சம்பாதிக்க அப்படிப்பட்ட வேலையை 7200 தடவை ஓட்ட வேண்டும். அதாவது இடைவிடாமல் 200 மணி நேரம், எட்டு நாளுக்கும் மேல். ஆனால் கெர்னலின் நிலைப் பதிப்புகளுக்குத் திருத்தங்கள் ஏறக்குறைய வாரம் ஒன்று என்ற கணக்கில் வந்துகொண்டிருக்கின்றன. போட்ட முதல் கைக்கு வருவதற்குள் அடுத்த கம்பைலுக்கு நேரம் வந்துவிடும். இந்த வியாபாரத்தில் லாபம் என்பதே கிடையாது.

"அந்த 10 சதவீதம் உனக்குத் தெரியுமா? 50 சதவீதமாகக்கூட இருக்கலாமே" என்று அண்ணன் எகிறலாம். இருக்க முடியாது. அதற்குக் காரணம் கெர்னல் கட்டப்படும் விதத்திலேயே இருக்கிறது.

புதிய பிராசசர்களின் ஜம்பமெல்லாம் எஸ்.எஸ்.இ, ஏ.வி.எக்ஸ் போன்ற அகலப் பதிவேடுகளில்தான். ஒரே அடியில் பல எண்களைக் கணக்கிடும் வசதி அது. ஒரு சாதாரண நிரலை 'மார்ச்=நேட்டிவ்' போட்டுக் கம்பைல் செய்தால் கம்பைலர் இவற்றைப் பயன்படுத்தும், சில நிரல்களில் வேகமும் கூடும். ஆனால் எக்ஸ்86 கெர்னலைக் கம்பைல் செய்யும்போது எம்.எம்.எக்ஸ், எஸ்.எஸ்.இ, ஏ.வி.எக்ஸ் எதையும் தொடாதே என்று கம்பைலருக்குக் கண்டிப்பான உத்தரவு போகிறது. அது கெர்னலின் மேக்ஃபைலிலேயே எழுதியிருக்கிறது. ஏன்? அந்தப் பதிவேடுகளில் உங்கள் நிரலின் கணக்குகள் இருக்கும். கெர்னல் அவற்றைத் தொட வேண்டுமென்றால் முதலில் எடுத்துப் பத்திரப்படுத்தி, பிறகு திருப்பி வைக்க வேண்டும். ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் இதைச் செய்தால் கெர்னல் வேகமாகாது, நொண்டும். ஆக, எந்த வசதிக்காக பிராசசர் பெயரை மாற்றினீர்களோ அந்த வசதியே கெர்னலுக்குள் பூட்டிக் கிடக்கிறது.

"அப்படியென்றால் குறியாக்கத்துக்கும் ரெய்டுக்கும் ஏ.வி.எக்ஸ் பயன்படுத்துகிறார்களே?" நல்ல கேள்வி. அவை கையால் எழுதப்பட்ட தனி நிரல்கள். பதிவேடுகளைப் பத்திரப்படுத்தும் சடங்கைத் தாங்களே முறையாகச் செய்துவிட்டுத்தான் தொடங்குகின்றன. எந்தப் பதிப்பை ஓட்டுவது என்பதை மெஷினில் இருக்கும் பிராசசரைப் பார்த்து ஓடும்போதே முடிவு செய்கிறார்கள். ரெய்டு6 மாட்யூல் ஒரு படி மேலே போய், ஏற்றப்படும்போது பல வழிகளையும் ஓட்டிப் பார்த்து, எது வேகமோ அதைத் தேர்ந்தெடுத்துச் செய்தியும் அச்சிடுகிறது. டிஸ்ட்ரோவின் பொதுக் கெர்னலும் இதைத்தான் செய்கிறது. உங்கள் தையல் வேலை தேவைப்படவில்லை.

இன்னும் சுவாரசியமான விஷயம் 'ஆல்டர்நேட்டிவ்ஸ்'. கெர்னல் பூட் ஆகும்போது பிராசசரின் அடையாளத்தைப் படித்து, தன் உடம்பிலுள்ள கட்டளைகளையே தேவையான இடங்களில் வெட்டி ஒட்டி மாற்றிக்கொள்கிறது. நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும் நிரல், பிராசசருக்குத் தகுந்தபடி பூட் நேரத்தில்தான் முடிவாகிறது. சட்டை போட்டவுடன் உடம்புக்கு ஏற்றபடி தானே சுருங்கி விரிந்துகொள்கிறது என்றால், தையல்காரனுக்கு அங்கே என்ன வேலை?

பிராசசர் பெயருக்கு மதிப்பே இருந்ததில்லை என்று சொல்வது அநியாயம். ஒரு காலத்தில் இருந்தது. லினக்ஸ் 1991-இல் 386 மெஷினில் பிறந்தது. 386-இல் இல்லாத சில கட்டளைகள் 486-இல் வந்தன, பென்டியத்தில் மேலும் சில வந்தன. அன்றைய பிராசசர்களுக்குக் கட்டளைகளின் வரிசை முக்கியம், கம்பைலர் நல்ல வரிசையில் அடுக்கித் தந்தால் வேகம் கிடைத்தது. 1995-இல் வந்த பென்டியம் புரோவிலிருந்து இன்டெல் பிராசசரே கட்டளைகளைத் தன் வசதிக்கேற்ப முன்பின்னாக மாற்றி ஓட்டத் தொடங்கிவிட்டது. அண்ணன் ஓதும் மந்திரம் அதற்கு முந்தைய யுகத்துடையது.

கெர்னல் எழுதுபவர்களுக்கே இந்தப் பட்டியலில் பற்று இல்லை. 386 ஆதரவை 3.8 பதிப்பில், 2013-இல், தூக்கிவிட்டார்கள். இட்டானியம் என்ற முழுக் கட்டமைப்பே 6.7 பதிப்போடு, 2024 ஜனவரியில், வெளியேறியது. 2025-இல் 64-பிட் எக்ஸ்86-க்கான பழைய பிராசசர் பெயர்களையும் (கே8, கோர்2 வகையறாக்கள்) நீக்கிவிட்டார்கள். அதே ஆண்டில் 'நேட்டிவ்' என்று ஒரு விருப்பம் சேர்ந்தது உண்மைதான். அண்ணன்கள் அதைக் காட்டிக் காலரைத் தூக்கிவிடலாம். ஆனால் அதிலும் எஸ்.எஸ்.இ, ஏ.வி.எக்ஸ் மீதான தடை அப்படியேதான் இருக்கிறது. அப்படிக் கட்டிய கெர்னல் வேறு பிராசசரில் பூட் ஆகாமல் போகலாம் என்பது மட்டும் கூடுதல் போனஸ்!

சரி, வேகம் வராவிட்டால் போகிறது, நட்டம் என்ன? இங்கேதான் விவகாரம்.

முதல் நட்டம், நீங்கள் அனாதையாகிவிடுகிறீர்கள். டிஸ்ட்ரோவின் கெர்னலை வைத்திருப்பவருக்கு ஓட்டை அடைக்கும் திருத்தம் தானாகவே வீடு தேடி வருகிறது. சொந்தக் கெர்னல் வைத்திருப்பவருக்கு வராது. அவரே செய்தியைப் படித்து, மூலநிரலை இறக்கி, மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். முதல் மாதம் செய்வார். பரீட்சை வந்தால் விட்டுவிடுவார். 'வேகமான' கெர்னல் அடைக்கப்படாத ஓட்டைகளோடு வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது நட்டம் இதைவிட மோசம். "வேகத்துக்கான குறிப்புகள்" என்று சுற்றிவரும் பட்டியல்களில் பாதுகாப்பு விருப்பங்களை அணைக்கச் சொல்கிறார்கள். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற ஓட்டை உலகத்துக்குத் தெரியவந்தது. பாதிக்கப்பட்ட பிராசசர்களில் ஒரு சாதாரண நிரல் கெர்னலின் நினைவகத்தையே எட்டிப் பார்க்க முடிந்தது. அதைத் தடுக்கக் கெர்னலின் பக்க அட்டவணைகளைத் தனியாகப் பிரிக்கும் விருப்பம் வந்தது. அதற்கு ஒரு விலை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் "ஏ.எம்.டி மெஷின்தானே, இதை அணைத்தால் வேகம்" என்கிறார்களே, அதில்தான் வேடிக்கை. ஏ.எம்.டி பிராசசரில் மெல்ட்டவுன் இல்லை என்பது கெர்னலுக்கே தெரியும். பூட் ஆகும்போதே பார்த்து அந்தப் பிரிப்பைச் செய்யாமல் விட்டுவிடும். அங்கே அணைப்பதால் மிச்சம் பூஜ்யம். அதே பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு காப்பியடித்த இன்டெல்காரருக்கோ வீட்டுக் கதவைக் கழற்றிவைத்த மாதிரி.

32-பிட் காலத்திலும் இதே கூத்துதான். பி.ஏ.ஈ என்ற விருப்பம் 4 ஜிபிக்கு மேல் நினைவகம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பலர் அணைத்தார்கள். ஆனால் தரவுப் பகுதியில் நிரல் ஓடாமல் தடுக்கும் என்.எக்ஸ் பாதுகாப்பு 32-பிட்டில் பி.ஏ.ஈ இருந்தால்தான் வேலை செய்யும். 1 ஜிபி மெஷினில் 'ஹைமெம்' தேவையில்லை என்று அணைத்தவர்களுக்கு இன்னொரு பரிசு: வழக்கமான அமைப்பில் கெர்னல் நேரடியாகக் கையாளக்கூடியது 896 எம்பிதான். மீதி 128 எம்பி காசு கொடுத்து வாங்கியும் கண்ணுக்குத் தெரியாமல் போனது. கெர்னலை இளைக்கவைக்கப் போய் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைத் தொலைத்தார்கள்!

அப்படியானால் யாருமே கெர்னலைக் கம்பைல் செய்யக் கூடாதா? செய்ய வேண்டும். சரியான காரணத்துக்காகச் செய்ய வேண்டும்.

நினைவகம் சில எம்பி மட்டுமே உள்ள ரவுட்டருக்குக் கெர்னல் கட்டுபவருக்கு ஒவ்வொரு விருப்பமும் உயிர்ப் பிரச்சினை. புதிய போர்டுக்கு லினக்ஸ் கொண்டுவருபவருக்கு வேறு வழியே இல்லை. வழுவைத் துரத்துபவருக்கு அது அன்றாட வேலை. கற்றுக்கொள்ளும் மாணவருக்கு மெனுகான்ஃபிக்கின் உதவிக் குறிப்புகள் ஒரு முழுப் பாடப்புத்தகம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விருப்பங்கள், பெரும்பாலானவற்றுக்கு விளக்கம், எல்லாம் இலவசம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம், வேண்டாததை வெளியே தள்ளுவது. டி.சி.சி.பி என்று ஒரு பிணைய நெறிமுறை. பயன்படுத்தியவர்கள் மிகச் சொற்பம். 2005-இல் கெர்னலுக்குள் வந்த அந்த நிரலில் அப்போதிருந்தே கிடந்த ஒரு வழு 2017-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரணப் பயனர் ஒருவர் ரூட் ஆவதற்கு அது போதும். பல டிஸ்ட்ரோக்கள் அதை மாட்யூலாகக் கட்டி வைத்திருந்தன. யாராவது அந்த வகை சாக்கெட்டைக் கேட்டாலே அது தானாக ஏறிக்கொள்ளும். அந்த ஒரு விருப்பத்துக்கு 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தவருக்கு அந்த 12 வருடமும் கவலையே இல்லை. வேகத்தில் ஒரு துளி மாற்றமும் இல்லாத விருப்பம், எந்தக் குறிப்புப் பட்டியலிலும் இடம்பெறாத விருப்பம். கெர்னலைச் செதுக்குவதன் உண்மையான பலன் இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறது. பிராசசர் பெயரில் இல்லை.

ஆகவே அடுத்த முறை மந்திரம் ஓதும் அண்ணனைப் பார்த்தால் இரண்டே கேள்விகள் கேளுங்கள். ஒன்று: டிஸ்ட்ரோ கெர்னலிலும் உங்கள் கெர்னலிலும் ஒரே வேலையை 'டைம்' போட்டு ஐந்தைந்து தடவை ஓட்டிய எண்கள் எங்கே? இரண்டு: உங்கள் கெர்னலில் கடைசியாக ஓட்டை அடைத்தது எந்தத் தேதியில்?

இரண்டுக்கும் பதில் வைத்திருப்பவரிடம் தாராளமாகப் பாடம் கேளுங்கள். பதில் இல்லாதவரிடம் அவர் கான்ஃபிக் கோப்பை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.