கிராங்கை நிமிர்த்தும் கைகள்

கோலார் தங்க வயல் என்றதும் தங்கம், சயனைட் மேடு, மூடிய சுரங்கம் என்று பேச்சு போகும். 2018-க்குப் பிறகு ஒரு கன்னட சினிமாவும் அதில் சேர்ந்து கொண்டது. ஆனால் நூற்றிருபது வருடம் அந்த ஊர் தங்கத்தோடு சேர்த்து வேறொன்றையும் உற்பத்தி செய்தது. ஃபிட்டர்கள், டர்னர்கள், வார்ப்பு வேலைக்காரர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்களின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகளும் இவர்களில் அடக்கம். பாறையை உடைத்தவர்களைப் பற்றிக் கொஞ்சமாவது எழுதியாகிவிட்டது. மேலே நின்று இயந்திரங்களை ஓட வைத்தவர்களைப் பற்றி எழுதியது குறைவு.

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தை எடுத்துக்கொண்ட காலத்தில், ஒரு பாகம் உடைந்தால் மாற்றுப் பாகம் இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறி வர வேண்டும். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த பிறகும் இந்தத் தொல்லை தீரவில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அந்த ஆழத்துக்கு ஆட்களை இறக்கி ஏற்றும் இயந்திரத்தில் ஒரு பேரிங் தேய்ந்துவிட்டால், கப்பலுக்காகக் காத்திருப்பது நடக்கிற காரியமா? சுரங்கத்தின் சொந்தப் பட்டறைகள் வார்த்தன, கடைந்தன, பொருத்தின. 1964-ல் பி.இ.எம்.எல். அதே ஊரில் மண் அள்ளும் இயந்திரங்களைச் செய்ய வந்தபோது, இரும்பு வேலை அங்கே புதிய சங்கதியாக இல்லை.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களின் வேலை போயிற்று. விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் ரயில்கள் ஊரின் உயிர்நாடியாயின. அந்தப் பட்டறைக் கைகளுக்கு இன்று ஒரு வேலை காத்திருக்கிறது. அந்த வேலையை வைத்திருப்பவர்கள்தான் ஆளைத் தேடாமல் சாமானைத் தேடிக் கொண்டிருக்கிறார்கள். பழைய ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களைத்தான் சொல்கிறோம்.

நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1983-ல் ஃபரிதாபாத்தின் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர்தான் ராஜ்தூத். பொருள் 1973-ல் யமஹா வெளியிட்ட ஆர்.டி. 350. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 347 சி.சி., ஆறு கியர். ஜப்பானிய மூலத்துக்கு 39 குதிரைசக்தி. இங்கே அதை 30.5 ஆக அடக்கினார்கள், பிறகு வந்த வகையில் இன்னும் குறைத்து 27-க்குக் கொண்டுவந்தார்கள். முதல் வகையை எச்.டி. என்றும் அடுத்ததை எல்.டி. என்றும் இன்றும் பிரித்துப் பேசுகிறார்கள். அப்போது நம் ரோட்டில் ராஜாவாகத் திரிந்த புல்லட் 350-க்கு 18 குதிரைசக்திதான் என்பதை நினைத்துக் கொண்டால், 27 என்பதும் எவ்வளவு பெரிய எண் என்று புரியும்.

இந்த என்ஜினின் ரத்தத்தில் பந்தயம் இருக்கிறது. சிலிண்டரின் உள்விட்டம் 64 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 54 மி.மீ. யமஹாவின் 350 சி.சி. பந்தய வண்டிகளுக்கும் அதே அளவுதான். 1972-ல் அமெரிக்காவின் டேடோனா 200 மைல் பந்தயத்தில் டான் எம்டி வென்றது காற்றால் குளிரும் டி.ஆர். 3 வண்டியில். ரோட்டில் ஓடிய யமஹாவின் அடிப்பாகத்திலிருந்து வளர்ந்த என்ஜின் அது. அந்தப் பந்தயத்தை ஒரு டூ ஸ்ட்ரோக் வென்றது அதுவே முதல் தடவை. அடுத்த வருடம் பின்லாந்தின் யார்னோ சாரினென், நீரால் குளிரும் 350-ல் ஏறி, தன்னைவிடப் பெரிய என்ஜின்களைப் பின்னுக்குத் தள்ளினார். இந்தியாவுக்கு அந்தப் பரம்பரை பத்து வருடம் பிந்தி, முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்குக்குப் பதிலாக டிரம் பிரேக்கோடு வந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் அதன் சத்தத்தைக் கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

விற்பனையில் மட்டும் அது ஓடவில்லை. பெட்ரோல் குடித்தது, உதிரி பாகம் விலை அதிகம், ஊர் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமில்லை. 1985-ல் ஆர்.எக்ஸ். 100 வந்ததும் கதை முடிந்த மாதிரிதான். எண்பதுகளின் இறுதியோடு தயாரிப்பு நின்றது. பல வண்டிகள் இரும்பு விலைக்குப் போயின. அன்று சீந்த ஆளில்லாமல் கிடந்த அதே வண்டிக்கு இன்று லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள்.

வாங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் பெயின்ட் அடிக்கிறார்கள். அடுத்து குரோமியம் முலாம். அதற்கடுத்து டேங்க் ஸ்டிக்கர். கடைசியாகத்தான் என்ஜினைத் திறக்கிறார்கள், அதுவும் அது நடுரோட்டில் ஜாம் ஆன பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் பணமும் மிஞ்சும், சில எலும்புகளும் மிஞ்சும். மணிக்கு நூறு கிலோமீட்டரில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டால் பின் சக்கரம் சட்டென்று பூட்டிக் கொள்ளும். கிளட்ச்சைப் பிடிக்க அரை வினாடிகூட இருக்காது.

திறந்ததும் பார்க்க வேண்டியது கிராங்க். கார் என்ஜினில் இருப்பதுபோல் ஒரே துண்டாக அடித்துச் செய்த கிராங்க் அல்ல இது. கனமான வட்டத் தட்டுகளும் பின்களும் ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாக அழுத்திச் சேர்க்கப்பட்டவை. ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்கும். கனெக்டிங் ராடின் பெரிய முனையிலுள்ள ஊசி பேரிங் தேய்ந்தால் முழுக் கிராங்கையும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து, புதிய ராடும் பின்னும் போட்டு, மறுபடி அழுத்திச் சேர்க்க வேண்டும். அதுவரை பிரஸ் இருக்கிற எவரும் செய்யலாம். அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பம்.

சேர்த்த கிராங்க் ஒருபோதும் நேராக இருக்காது. அதை லேத்தின் இரு முனைகளுக்கு நடுவே பிடித்து, மெதுவாகச் சுற்றி, டயல் கேஜின் முள் எங்கே துள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். துள்ளும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு தாமிரச் சுத்தியலால் ஒரு தட்டு. மறுபடி சுற்றல், மறுபடி ஒரு தட்டு. ஒரு பக்கம் சரியானால் மறு பக்கம் கோணும். எவ்வளவு பலமாக, எந்தத் தட்டில், எந்தக் கோணத்தில் அடிப்பது என்பது புத்தகத்தில் இல்லை. முள்ளின் ஆட்டம் 0.03 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. நிமிடத்துக்கு 7,500 சுற்று என்றால் வினாடிக்கு 125 சுற்று. அந்த வேகத்தில் இந்த அரை முடி அளவுக் கோணலே பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்றுவிடும்.

சில பட்டறைகளில் பின்னைச் சுற்றி வெல்டு வைத்துக் கொடுக்கிறார்கள். பந்தயக் கிராங்குகளிலும் வெல்டு வைப்பது உண்டுதான். ஆனால் அங்கே பிடிப்பு இறுக்கமாக இருந்து, நேராக்கியும் முடித்த பிறகு, நழுவாமலிருக்கக் கூடுதல் காவலாக வைக்கிறார்கள். இங்கே பல சமயம், பலமுறை கழற்றித் தளர்ந்துபோன துளையை மறைக்க வைக்கிறார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

அடுத்து ஆயில் சீல். ஐம்பது, நூறு ரூபாய்ச் சாமான் என்று அலட்சியமாக விடுபவர்கள் உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையே ஒரு பம்ப். அது காற்றுப் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும். அதைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஜெனரேட்டர் பக்கத்து சீல் போனால் புகையே வராது. வெளிக்காற்று நுழையும், பெட்ரோல் கலவை மெலியும், சூடு ஏறும், பிஸ்டன் கவ்வும். பழி கார்புரேட்டர் மேல் விழும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. காற்று நுழையும் வழியையும் புகை போகும் வழியையும் அடைத்து, ஐந்து பவுண்டு காற்றழுத்தம் ஏற்றிப் பார்ப்பது. டாக்டர்கள் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் பந்தும் மானியுமே போதும். முள் சில நிமிடம் இறங்காமல் நின்றால் என்ஜின் தயார். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி ஓட்டையைத் தேட வேண்டியதுதான்.

சாமான் வேட்டை தனிப் புராணம். பெங்களூரில் ஜே.சி. ரோடு, சென்னையில் புதுப்பேட்டை, டில்லியில் கரோல் பாக் என்று அலைகிறார்கள். "ஜப்பான் பீஸ், அண்ணா. பெட்டியே பிரிக்கலை" என்று நீட்டப்படும் பிஸ்டனின் பெட்டி மட்டும் புதிதாக அச்சடித்ததாக இருக்கலாம். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே சுமார் 0.04 மி.மீ. இடைவெளிதான். மட்டமான அலுமினியக் கலவை சூட்டில் அதற்கு மேல் விரிந்தால் அவ்வளவுதான். பேரிங்கிலும் இதே வம்பு உண்டு. கிராங்குக்கு உள்ளிடைவெளி அதிகமுள்ள வகை வேண்டும். அதே அளவில் மோட்டாருக்கும் பம்புக்கும் விற்கும் சாதாரண வகை வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிறவி. அதை வாங்கிப் போட்டு ஆயிரம் கிலோமீட்டரில் திரும்பி வருபவர்கள் கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.

ஒரு நல்ல சேதி. ஆர்.டி. 350 எழுபதுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்ற வண்டி. ஆகையால் அதன் பிஸ்டன், ரிங், ராடு, சீல் எல்லாம் வெளிநாடுகளில் இன்னும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. தபால் செலவும் சுங்க வரியும் கொடுத்து வரவழைத்துவிடலாம். இந்தியாவுக்கென்று மாற்றிச் செய்த சிலிண்டர், சைலன்சர் போன்றவற்றுக்குத்தான் பஞ்சம். எச்.டி. சிலிண்டரோடு எல்.டி. சைலன்சரைக் கட்டி ஓட்டுபவர்கள் இரண்டின் பலனையும் இழக்கிறார்கள். நல்ல சிலிண்டர் கிடைத்தால் 0.25, 0.50, 0.75, 1.00 என்று நாலு ஓவர்சைஸ்தான் ஆயுள். அனாவசியமாகப் போரிங் போட்டு ஒரு படியை வீணாக்குவது சொத்தை விற்றுத் தின்பது மாதிரி.

சட்டமும் இதில் தலையிடுகிறது. 2021-ல் வந்த மத்திய விதிப்படி ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிதான் 'வின்டேஜ்'. 1973-ன் ஜப்பானிய வண்டி அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. 1983-ன் ராஜ்தூத் 2033 வரை வெறும் பழைய வண்டி, பதிவைப் புதுப்பிக்கக் கூடுதல் கட்டணம் கட்டியாக வேண்டும். அதைவிட முக்கியம், சேசிஸையோ என்ஜினையோ மாற்றியமைத்திருந்தால் அந்த அந்தஸ்து கிடைக்காது. கைக்குக் கிடைத்த வேறு வண்டியின் பாகங்களைத் திணித்து இன்று ஓட்டுபவர்கள் இதை யோசித்துக்கொள்வது நல்லது.

வெளிநாட்டிலிருந்து நல்ல ராடும் பேரிங்கும் வந்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அவற்றை அரை முடி அளவுக்குள் நிறுத்தும் ஆள் பார்சலில் வர மாட்டார். சுரங்கப் பட்டறைகளும் பெரிய தொழிற்சாலைகளும் இருந்த ஊர்களில்தான் அத்தகையவர் மிஞ்சியிருக்கிறார். 2001-ல் நாற்பது வயதிலிருந்த டர்னர் இப்போது அறுபதைத் தாண்டியவர். கண்ணாடி போட்டுத்தான் டயலைப் படிக்கிறார். மகனோ மகளோ காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இந்தத் தட்டுத் தெரியாது. தெரிந்துகொண்டு என்ன லாபம் என்று கேட்டால், மாதத்துக்கு இத்தனை கிராங்க் வரும் என்று சொல்ல இன்று எவராலும் முடியாது. வண்டிக்காரர்கள் தேடி வந்தால் அல்லவா அந்தக் கணக்கே தொடங்கும்.

கழற்றிய கிராங்க் ஒரு துணிப்பையில் அடங்கிவிடும். பெங்களூரிலிருந்து பங்காருப்பேட்டை வழியாக மாரிக்குப்பம் போகும் வண்டியில் மடியில் வைத்துக்கொண்டே போகலாம். ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ ஒரு லேத் பட்டறையைக் கண்டதும் விலையைக் கேட்க வேண்டாம். "டயல் கேஜ் இருக்காண்ணா?" என்று கேட்க வேண்டும். இருக்கிறது என்றால் உள்ளே போய் உட்காரலாம். எதற்கு அது என்று கேட்டால் அடுத்த பட்டறைக்கு நடக்கலாம்.