சிகிச்சை இலவசம்தான்... ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆகும் செலவு? கிராமத்து ஏழை நோயாளிகளின் கணக்கு

தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டருக்கு ஃபீஸ் கிடையாது. மாத்திரைக்கும் காசு கிடையாது. அப்படியிருந்தும், 2020-ல் மாநில அளவில் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வில் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 100-க்கு சுமார் 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் சுமார் 11 பேருக்கு. மருந்து இலவசமாகக் கிடைக்கும் ஒரு மாநிலத்தில் இது எப்படி?

மருந்து இல்லையா, டாக்டர் இல்லையா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மருந்து வாங்குவதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்மாதிரி. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், எல்லா அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்து மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. அதனால் விலை குறைகிறது. மாவட்டக் கிடங்குகளிலிருந்து ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் பாஸ்புக் காட்டி, தனக்கான தொகைக்குள் மருந்து எடுத்துக்கொள்கிறது. பல மாநிலங்கள் இந்த முறையைப் பார்த்துத்தான் தங்கள் அமைப்பை உருவாக்கின.

டாக்டர்கள் விஷயத்திலும் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கிராமத்திலும் மலையிலும் வேலை பார்த்த அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்பில் முன்னுரிமை உண்டு. ‘பிஜி சீட் வேணும்னா கிராமத்துல வேலை பாருங்க’ என்பதுதான் இதன் சாரம். இப்படி இடஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் தீர்ப்பளித்தது.

அப்போ சிக்கல் எங்கே?

நோயாளியின் ஒருநாள் கூலியில். விதிமுறைப்படி சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. அதாவது ஒரே நிலையத்தை நம்பிப் பல ஊர்கள். ஓ.பி. நடக்கும் பகல் நேரமும் காட்டு வேலை நடக்கும் நேரமும் ஒன்றுதான். மாத்திரை வாங்கப் போனால் அன்றைய கூலி போச்சு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி 336 ரூபாய். மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் வருஷத்துக்கு 12 நாள். 4,032 ரூபாய் இழப்பு. பெண்களுக்கு 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பதால் பஸ் செலவு ஓரளவு மிச்சம். ஆனால் டவுன் பஸ் வராத ஊருக்கு ஷேர் ஆட்டோதான். நடக்க முடியாத பெரியவர் என்றால் துணைக்கு இன்னொருவர் போகணும். அவருடைய கூலியும் சேர்ந்து போகும்.

பிரஷரும் சுகரும் வலிக்காத நோய்கள். உடம்பு ஒன்றும் செய்யாதபோது 336 ரூபாயை விட்டுவிட்டு வரிசையில் நிற்க யாருக்கும் மனசு வராது. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று மாத்திரையை நிறுத்துவது அலட்சியம் மட்டுமல்ல, வீட்டுக் கணக்கும்தான். பக்கவாதமோ சிறுநீரகச் செயலிழப்போ வரும்போதுதான் அதன் உண்மையான விலை தெரிகிறது.

காப்பீட்டு அட்டை இருக்கே?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இதய ஆபரேஷன், புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றில் இந்த அட்டை பல குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் இது அடிப்படையில் ஆஸ்பத்திரியில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கானது. மாதாமாதம் விழுங்கும் மாத்திரைக்கும், தனியார் கிளினிக் ஃபீஸுக்கும், இழந்த கூலிக்கும் அட்டையில் இடமில்லை. பக்கவாதம் வந்த பிறகு காப்பீடு உதவும். வராமல் தடுக்க உதவாது. நாடு முழுவதுமே மருத்துவத்துக்கான மொத்தச் செலவில் மக்கள் கையிலிருந்து போகும் பங்கு 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22-ல் 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. குறைந்த பிறகும், 100 ரூபாயில் கிட்டத்தட்ட 40 ரூபாய் நோயாளியின் பாக்கெட்டிலிருந்துதான் போகிறது.

வீடு தேடி வந்ததால் என்ன மாறியது?

இந்த இடைவெளியைக் குறிவைத்து வந்ததுதான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். ஏற்கெனவே நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சை, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான பைகள் ஆகியவையும் திட்டத்தில் உண்டு. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

2023-24-ல் நடந்த அடுத்த சுற்று ஸ்டெப்ஸ் ஆய்வில், பிரஷர், சுகர் இரண்டிலுமே நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் 100-க்கு 17 பேர் என்ற அளவை ஒட்டி வந்தார்கள். முழுப் பெருமையும் ஒரே திட்டத்துக்குச் சேராது என்றாலும், திசை சரி என்பது தெரிகிறது. அதே சமயம் மீதி 83 பேர்?

மாத்திரை வாசல் வரை வந்தாலும் அளவைக் கூட்டவும் குறைக்கவும் டாக்டர் பார்க்க வேண்டும். பகலில் வேலைக்குப் போகும் வீடு பூட்டிக் கிடக்கும். செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனவர்களின் பெயர் ஊர்ப் பதிவேட்டிலேயே நின்றுவிடும். இந்த வேலை மொத்தத்தையும் தாங்கும் தன்னார்வலர்களுக்குக் கிடைப்பதோ மாதச் சம்பளம் அல்ல, சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அவர்கள் வேலையை விட்டால், வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையிலான தொடர்பும் அறுந்துபோகும்.

மலையில் கதையே வேறு

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலைப்பகுதியில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சரியான ரோடு இல்லை. ஆஸ்பத்திரி போய்ச்சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. ரோடு இல்லாததால் உடலையும் பாதி வழியிலிருந்து தாய் கையில் சுமந்து நடந்தார். அந்த இடத்தில் சுகாதாரத் துறை மட்டும் என்ன செய்தாலும் போதாது. அங்கே ரோடும் ஒரு மருத்துவ வசதிதான்.

இனி என்ன செய்யலாம்?

பெரிய கட்டிடம் எதுவும் தேவையில்லாத சில வழிகள் இருக்கின்றன. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மாலை நேர ஓ.பி. நடத்தினால் கூலி போகாது. நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரே தடவையில் கூடுதல் நாட்களுக்கான மாத்திரை தரலாம். ஊர் மாறிப் போகிறவரின் சிகிச்சை விவரம், போகிற ஊரின் சுகாதார நிலையத்திலும் திறக்க வேண்டும். தன்னார்வலர்களுக்கு நிரந்தரமான, நியாயமான ஊதியம் வேண்டும்.

அளவுகோலும் மாறணும். எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினோம் என்பது திட்டத்தின் உழைப்பைக் காட்டும். எத்தனை பேரின் பிரஷரும் சுகரும் கட்டுக்குள் வந்தன என்பதுதான் அதன் பலனைக் காட்டும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அந்த இரண்டாவது எண்ணை ஆண்டுதோறும் வெளியிட்டால், அடுத்த டாக்டரையும் அடுத்த தன்னார்வலரையும் எங்கே அனுப்பணும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.